கழுவிக் கொண்டுவந்த குச்சி

மரம் செடிகளுக்கு வைத்தியம் பார்க்கிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. நோயாளி வாயைத் திறந்து பொய் சொல்லாது. ஒரு அசௌகரியமும் உண்டு. நோயாளியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் அந்தக் குறையைத் தீர்த்துவைத்துவிடுவார்கள். டாக்டர், ரேடியோ ரிப்பேர்காரர், பள்ளிக்கூட வாத்தியார் என்று 'என்ன கோளாறு?' கேட்டே பிழைப்பை ஓட்டுகிற அத்தனை பேருக்கும் நான் சொல்வது புரியும். நாமெல்லாம் ஒரே படகில் உட்கார்ந்து தண்ணீர் இறைத்தவர்கள்.

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து சில வருஷம் கழித்து நான் விவசாய இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தேன். நெல்லுக்கு ஆள் இருந்தார்கள், கடலைக்கு ஆள் இருந்தார்கள். ரோட்டோர மரம், பார்க்கு, ஆபீஸ் தோட்டம், ஜனங்கள் வாசலில் வைத்த பூச்செடி, இதற்கெல்லாம் ஆள் இல்லை. கடைசியாக வந்தவன் என்று அதை என் தலையில் கட்டினார்கள். கையில் ஒரு லென்சு, ஸ்பிரிட் ஊற்றின சில பாட்டில்கள், ஒரு சைக்கிள், 'பூச்செடி டாக்டர்' என்ற பட்டம். எந்த மாசத்தில் எந்தச் செடியில் என்ன பூச்சி வரும் என்பது எனக்குத் தலைகீழ்ப் பாடம். செடிக்காரர்கள் என்ன செய்வார்கள் என்பதுதான் கடைசிவரை பிடிபடவில்லை. அதனாலேயே அன்னவாசலில் ஒரு பெரிய மரம் கோடரிக்குப் போகப் பார்த்தது. அந்தக் கதைக்கு வருகிறேன்; அதற்கு முன் இந்த ஜனங்களைக் கொஞ்சம் பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள்.

எண்ணெய் தடவின இலை

என்னிடம் முதன்முதலில் வந்தவர் ஒரு வெல்லமண்டிக்காரர். வீட்டுச் செம்பருத்தியில் இலையெல்லாம் சுருண்டு, காம்பெல்லாம் பஞ்சு ஒட்டினாற்போல் வெள்ளையாகக் கிடக்கிறது என்றார். கேட்ட உடனே மாவுப்பூச்சி என்று தெரிந்துவிட்டது. கோடையில் செம்பருத்திக்கு அது இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். இருந்தாலும் புது உத்தியோகம் அல்லவா, கண்ணால் பார்க்காமல் சொல்லக் கூடாது என்று, "ஒரு கொப்பு ஒடிச்சுக்கிட்டு வாங்க" என்றேன்.

மறுநாள் வாழையிலையில் சுற்றி, நாரால் கட்டிக் கொண்டுவந்தார். பிரித்துப் பார்த்தால் இலை கண்ணாடி மாதிரி மின்னுகிறது. தேங்காயெண்ணெய் வாசனை வேறு. லென்சை வைத்து முன்னும் பின்னும் பார்த்தேன். மருந்துக்குக்கூட ஒரு பூச்சி இல்லை. "இதுல இருந்த வெள்ளையெல்லாம் எங்கேங்க?" என்றேன். கழுவித் துடைத்து, கொஞ்சம் எண்ணெயும் தொட்டுத் தடவிவிட்டதாகச் சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அடுத்த தடவை அப்படியே கொண்டுவர வேண்டும் என்று குரலை உயர்த்திச் சொன்னேன். அவரும் குரலை உயர்த்தினார்: "ஆபீசுக்கு வாரோம்னு நானே குளிச்சு முழுகி, சலவை வேட்டி கட்டிக்கிட்டு வந்திருக்கேன். எலைய மட்டும் அழுக்கோட கொண்டாரச் சொல்றீகளே, இது என்ன நியாயம்?"

உங்க ஆளுங்க

பெரிய மழை தொடங்கினதும் முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி வரும். ராத்திரி முழுக்க இலையைத் தின்றுவிட்டுப் பகலில் அடிமரத்தில் மொத்தையாக, ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக்கொண்டு கிடக்கும். நீண்ட கம்பில் துணியைச் சுற்றி, எண்ணெயில் நனைத்துக் கொளுத்திக் காட்டினால் தீர்ந்தது. நான் குடியிருந்த வரிசையில் ஏழெட்டு வீட்டிலும் கொல்லையில் முருங்கை. கார்த்திகை மாசம் எனக்கு ஆபீசில் பாதி வேலை, தெருவில் மீதி வேலை.

அடுத்த வீட்டு அம்மாளுக்கு என்மேல் ஒரு சந்தேகம் இருந்தது. நான் அந்தத் தெருவுக்குக் குடிவந்த பிறகுதான் இந்தப் பூச்சிகள் அதிகமாயின என்பது அவர் கட்சி. போலீஸ்காரர் குடியிருக்கும் தெருவில் திருட்டு அதிகம் தெரிவதில்லையா, அது மாதிரிதான் என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. ஒரு காலையில் நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது சுவருக்கு மேலே அவர் தலை தெரிந்தது. "சார், ஒங்க ஆளுங்க வந்துட்டாங்க. போன வருசத்தை விட இந்தத் தடவை குடும்பத்தோட வந்திருக்காங்க. கொஞ்சம் இங்கிட்டு வந்து என்னான்னு கேட்டு அனுப்பி வைங்க."

பெண் பார்த்தது

திருமயத்தில் பெண் பார்க்கப் போனேன். முற்றத்தில் ஒரு கறிவேப்பிலைக் கன்று நின்றது. எந்த இலையைக் கண்டாலும் கை தானாகப் போய் அதைத் திருப்பிப் பார்த்துவிடும், தொழில் அப்படி. அன்றும் பார்த்தது. இலையில் காக்கை எச்சம் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. எச்சமில்லை, பட்டாம்பூச்சியின் சின்னப் புழு. பறவைகளை ஏமாற்ற அப்படி ஒரு வேஷம் போடும். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. லென்சை எடுத்துக்கொண்டு கன்றின் பக்கத்தில் குந்திவிட்டேன். பலகாரத் தட்டோடு வந்த பெண்ணின் அம்மா அப்படியே நின்றுவிட்டார். வீட்டில் பெருக்கித் துடைக்காத இடத்தைத் தேடுகிறேன் என்று நினைத்திருக்கிறார்கள்.

என்ன புண்ணியமோ, கல்யாணம் நடந்தது. ஒரு மாசம் கழித்து என் மனைவி, உள்ளே ஜன்னலோரம் நின்று தான் பார்த்துக்கொண்டிருந்ததைச் சொன்னாள்: "எலையத் திருப்பித் திருப்பிப் பாத்த மாதிரி, அடுத்து என்னையும் திருப்பிப் பாத்துட்டு, இதுல பூச்சி இருக்குன்னு சொல்லிட்டுப் போயிருவீகளோன்னு ஜன்னக் கதவப் பாதி சாத்திக்கிட்டேன்."

மருதாணி வீடு

அன்னவாசலில் ஒரு ராவுத்தர் வீட்டில் கொல்லையைச் சுற்றி மருதாணி வேலி. ஆவணியில் நாலு மழை பெய்து வேலி தளதளவென்று வந்திருந்தது. பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது தெருப் பக்கத்து வேலி முழுக்க வெறும் குச்சி. உடம்பை வளைத்து வளைத்து நடக்கிற காவடிப்புழு கிளையெல்லாம் காவடி எடுத்துக்கொண்டிருந்தது. ராவுத்தர் கையில் டி.டி.டி. பொட்டலத்தோடு தயாராக நின்றார். தூவினால் புழு செத்துவிடும். மிச்ச இலையை அரைத்துக் கல்யாணப் பெண் கையிலும் வந்திருக்கிற குழந்தைகள் கையிலும் வைப்பார்கள். அந்தக் கையாலேயே சோறும் தின்பார்கள். பொட்டலத்தை வாங்கி என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

கையால் பொறுக்குவதைத் தவிர வழியில்லை என்றேன். முதலில் முகம் சுளித்தார்கள். பிறகு வந்திருந்த உறவு ஜனம் முழுவதும் ஆளுக்கொரு சட்டியில் சோப்புத் தண்ணீரோடு வேலியில் இறங்கியது. மாமனும் மச்சானும் போட்டி போட்டுக்கொண்டு பொறுக்கினார்கள். கல்யாணத்துக்கு வேண்டிய இலை தப்பித்தது. பந்தியில் எனக்குப் பரிமாறச் சொல்லிவிட்டு ராவுத்தர் சொன்னார்: "விருந்துக்குக் கூப்பிட்டுப் புழுப் பொறுக்க விட்ட வீடு, இந்த ஜில்லாவுலயே எங்க வீடு ஒண்ணுதான் சார். இன்னும் பத்து வருசத்துக்கு இதைச் சொல்லியே எங்களைக் கொன்னுபுடுவாய்ங்க."

பளபளத்த குச்சி

அதே அன்னவாசலில், பஸ் நிற்கிற இடத்தில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் இருந்தது. சாயங்காலமானால் இலையை மூடிக்கொண்டு தூங்கிவிடுமே, அந்த மரம். அதன் நிழலில் வெள்ளையம்மா என்கிற நாற்பது நாற்பத்தைந்து வயது அக்கா இட்லிக் கடை போட்டிருந்தாள். கடை என்றால் ஒரு அடுப்பு, ஒரு பெஞ்சு, மேலே மரம். புருஷன் இல்லை. மரம்தான் கூரை, அந்தக் கூரை போனால் வெயிலில் யார் வந்து உட்காருவார்கள்?

அடுத்த வருஷக் கோடையில் ஒரு நாள் அவள் பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்கு என் ஆபீசுக்கே வந்தாள். ராவுத்தர் சொல்லி அனுப்பியிருக்கிறார். மரத்திலிருந்து பிசுபிசுவென்று என்னமோ சொட்டுகிறது, உட்காருகிறவர்கள் சட்டையெல்லாம் ஒட்டுகிறது, இலை கறுக்கிறது, உச்சிக் கிளைகள் காய்கின்றன. போன வாரம் காய்ந்த கிளை ஒன்று முறிந்து ஒரு வண்டி மாட்டின்மேல் விழுந்திருக்கிறது. ரோட்டு ஓவர்சியர் வந்து பார்த்து, வேர் அழுகிவிட்டது, ஆனி பிறந்ததும் மரத்தை ஏலம் விட்டு வெட்டிவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இதையெல்லாம் சொல்லிவிட்டு, முந்தானைக்குள்ளிருந்து ஒரு குச்சியை எடுத்து என் மேஜைமேல் வைத்தாள். தேங்காய் நார் போட்டுத் தேய்த்து, சொரண்டி, கழுவி, வெயிலில் காயவைத்த குச்சி. கடைந்தெடுத்த உருட்டுக்கட்டை மாதிரி இருந்தது. நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். அவள் அதை மரத்தின் நிலைமையைப் பார்த்துப் பட்ட கவலை என்று எடுத்துக்கொண்டாள்: "கவலைப்படாதீங்க சார், இதை விட நல்ல குச்சி இன்னொண்ணு வீட்டுல வச்சிருக்கேன்."

காவியும் சுண்ணாம்பும்

நேரில் போவது என்று முடிவு செய்தேன். ஓவர்சியர் கெட்ட மனிதர் இல்லை. அடுத்த கிளை பஸ்ஸுக்கு நிற்கிற ஒரு குழந்தைமேல் விழுந்தால் யார் பதில் சொல்வது என்பது அவர் கவலை. "நீங்களும் பாத்து ஒரு வரி எழுதிக் குடுத்திருங்க" என்று தன் ஜீப்பிலேயே என்னை ஏற்றிக்கொண்டார். வருகிறோம் என்று வெள்ளையம்மாவுக்கு முதல் நாளே சொல்லியும் அனுப்பிவிட்டார்.

போய் இறங்கினால் மரம் மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. அடிமரத்தில் சுண்ணாம்பும் காவியுமாகப் பட்டை அடித்திருந்தது. தரையில் ஒரு சருகு இல்லை. சாணம் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. ஏணி எட்டின உயரம்வரை கிளைகள் அத்தனையும் சொரண்டிக் கழுவியாகிவிட்டது. போதாததற்கு முதல் நாள் சாயங்காலம் கோடை மழை ஒன்று அடித்து மற்றதைக் கழுவிவிட்டது. ஒரு சொட்டுகூட விழவில்லை. ஏணிக்கு மேலே உச்சியில் மட்டும் குச்சிகள் காய்ந்து நின்றன. யாரையாவது ஏறச் சொல்லுங்கள் என்றேன். அழுகின மரத்தில் ஆளை ஏற்றமாட்டேன் என்று ஓவர்சியர் ஒரே பிடியாக நின்றார். அடிப்பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தேன். உள்ளே பச்சையாக ஈரமாக இருந்தது. வேர் நன்றாகத்தான் இருக்கிறது என்று மனசு சொன்னது. ஆனால் எந்தப் பூச்சி என்று சொல்ல என் கையில் எதுவும் இல்லை. வெள்ளையம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஓவர்சியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நான் ஒரு பாலம் பாத்துட்டு வந்துர்றேன். அதுக்குள்ள 'பூச்சி ஒண்ணும் காணோம்'னு எழுதி வைங்க. அது போதும், மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்."

தபாலாபீஸ் வாசனை

ஜீப் போனதும் பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்கே அழுகை வருகிற மாதிரி இருந்தது. வெள்ளையம்மா எனக்கு இட்லி ஊற்றிவைத்தாள். மழையில் நனைந்த விறகு புகைந்ததே தவிர எரியவில்லை. பக்கத்திலிருந்த டப்பாவிலிருந்து எதையோ ஒரு கை அள்ளி அடுப்பில் போட்டாள். குப்பென்று பற்றிக்கொண்டது. வாசனை வந்தது. எனக்குத் தெரிந்த வாசனை. தபாலாபீசில் ரிஜிஸ்தர் கவருக்கு முத்திரை வைக்கும்போது வருகிற வாசனை. அன்னவாசல் மரத்தடியில் அது எப்படி வந்தது?

"அது என்னக்கா டப்பாவுல?" என்றேன். "மரத்துல இருந்த சொறி தம்பி. நேத்து பூராச் சொரண்டுனேன். நல்லா எரியுதேன்னு போட்டு வச்சேன்." டப்பாவை வாங்கிக் கவிழ்த்தேன். கெட்டியான, செம்பழுப்புப் பொருக்குகள். லென்சில் பார்த்தால் ஒவ்வொன்றுக்குள்ளும் சிவப்புச் சிவப்பாகப் பூச்சிகள். அரக்குப்பூச்சி! சாற்றை உறிஞ்சி, தபாலாபீசில் உருக்குகிற அதே அரக்கால் வீடு கட்டிக்கொண்டு, சர்க்கரைத் தண்ணீரை மரத்தடிக்காரர்கள் தலையில் சொட்டுகிற பூச்சி. சொட்டின இடத்தில் பூஞ்சணம் பூத்து இலை கறுக்கும். சாறு போய்க் குச்சி காயும். அரக்குப் படிந்த கிளைகளைக் குஞ்சு வெளியே கிளம்புவதற்குள் வெட்டிக் கொளுத்தினால் போதும், மரம் பிழைத்துவிடும். சந்தோஷத்தோடு கூடவே கோபமும் வந்துவிட்டது. "இதைக் காட்டத்தானே நான் வந்தேன்? மரமே கையை விட்டுப் போக இருந்ததே, ஏன் கழுவினே?" என்று சத்தம் போட்டேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "முதக் குச்சியக் கழுவுனது மரியாதைக்குத்தான் தம்பி. இது அப்படியில்ல. வைத்தியம் பாக்குறவரும் வெட்டுறவரும் ஒரே ஜீப்புல வாராகன்னு சொன்னா, நோவ நான் யாருக்குன்னு காட்டுறது?"

ஓவர்சியர் உருக்கின அரக்கு

பொருக்குகளை மறுபடி டப்பாவில் அள்ளினேன். ஜீப் திரும்பி வந்ததும் ஓவர்சியரை அடுப்புக்கு முன்னால் உட்காரவைத்தேன். ஒரு பொருக்கைக் கம்பியில் குத்தித் தணலில் காட்டி உருக்கி, அவர் பையிலிருந்த ஒரு பழைய கவர்மேல் சொட்டினேன். அவரே தன் முத்திரையை எடுத்து அழுத்திப் பார்த்தார். அச்சு அழகாக விழுந்தது. தினமும் ஆபீசில் பத்துக் கவருக்கு அரக்கு வைக்கிற மனிதர். நான் வேறு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

லென்சில் நெடுநேரம் பார்த்தார். மரத்தையும் பார்த்தார். நோய் பிடித்த கிளைகளை மட்டும் வெட்டிக் கொளுத்த அடுத்த வாரமே கயிறு கட்டி ஆள் அனுப்புவதாகவும், ஐப்பசி மழைக்குத் தளிர்க்காவிட்டால் அப்போது அடிமரத்தை வெட்டுவது என்றும் சொன்னார். அதுவும் நியாயம்தான். ஜீப்பில் பாதி வழி வந்தாயிற்று. பிறகு என் பக்கம் திரும்பினார்: "அப்ப, இந்த மரத்த வெட்டச் சொல்லி நான் ஒரு ஆர்டர் போட்டு கவர ஒட்டி அரக்கு வச்சிருந்தேன்னா, அந்த அரக்கும் இந்தப் பூச்சிதானா? நல்ல வேலை பாக்குறோம்யா நாம!"

முசுறு

வெள்ளையம்மா கடையில் இட்லி தின்ற ஒவ்வொருவருக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது: பூச்செடி டாக்டரிடம் எதையும் கழுவாமல் கொண்டுபோக வேண்டும். ஆடி மாசம் ஆவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு ரிட்டையர் வாத்தியார் ஒரு மூட்டையோடு ஆபீசுக்குள் வந்தார். மாதாகோயில் தோட்டத்து மாமரத்தில் இலைகளை யாரோ ஒன்றோடொன்று தைத்துப் பந்து பந்தாக வைத்திருக்கிறார்கள் என்றார். என்ன என்று நான் யோசிப்பதற்குள் சாக்கை அவிழ்த்து மேஜைமேல் கொட்டிவிட்டார். முசுறு. சிவப்பு எறும்பு. கூட்டோடு.

ஹெட்கிளார்க் நாற்காலிமேல் ஏறினார். டைப்பிஸ்ட் வாசலுக்கு ஓடினார். நான் வேட்டியை உதறிக்கொண்டே, மரத்துக்கு இதனால் கேடில்லை, வேறு பூச்சிகளைத் தின்கிற நல்ல ஜீவன் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் அதை நம்ப ஒருவரும் தயாராக இல்லை. வாத்தியார் மட்டும் கடியைப் பொருட்படுத்தாமல், பரீட்சையில் முழு மார்க் வாங்கின பெருமையோடு நின்றார்: "பாத்துக்கங்க, ஒரு தூசி தட்டல. எப்படி இருந்துச்சோ அப்படியே கொண்டாந்திருக்கேன்."

தனியாக ஒரு பஸ்

அன்னவாசல் போய்வந்த பிறகு ஓவர்சியர் எத்தனை தடவை கூப்பிட்டும் அவர் ஜீப்பில் நான் ஏறவில்லை. காரணம் சொல்லவில்லை, சைக்கிள் உடம்புக்கு நல்லது என்றேன். ஐப்பசி முழுக்க மழை பெய்தது. ஒவ்வொரு மழைக்கும் எனக்கு அன்னவாசல் ஞாபகம்தான். கிளையெல்லாம் வெட்டின பிறகு அந்த மரம் மொட்டையடித்த ஆள் மாதிரி இருந்தது. தளிர்க்காவிட்டால் என் பேச்சைக் கேட்டு ஆறு மாசம் நம்பிக்கையோடு காத்திருந்தவளை நானே ஏமாற்றினதாக ஆகும். போய்ப் பார்ப்பதைப் பயத்தில் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். கார்த்திகையில் ஒரு நாள் மனசைத் திடப்படுத்திக்கொண்டு பஸ் ஏறினேன்.

பஸ் திரும்பும்போதே தெரிந்துவிட்டது. வெட்டின முனை ஒவ்வொன்றிலும் இளம் பச்சை கொத்துக் கொத்தாகப் பீறிட்டுக்கொண்டிருந்தது. இறங்கி மரத்தடியில் நின்றேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், கண் நிறைந்தது. வெள்ளையம்மா இட்லித் தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. எனக்குப் பின்னால் ரோட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அடுப்புக்குப் பின்னால் செருகியிருந்த ஒரு குச்சியை எடுத்து என் கையில் வைத்தாள். கறுத்த, பிசுபிசுத்த, எறும்பு ஓடுகிற குச்சி. நடுவில் ஒரே ஒரு அரக்குப் பொருக்கு. "தாழக் கெளையில ஒரு எடத்துல மறுபடியும் வந்திருக்கு தம்பி. கழுவல. நீங்க தனியாத்தானே வந்திருக்கீக?"

பூச்சியைப் பார்ப்பதற்கு இலாகா எனக்கு ஒரு லென்சு கொடுத்தது. பூச்சியோடு ஒரு குச்சியை என் கையில் வாங்குவதற்கு மட்டும் நானே டிக்கெட் எடுத்துத் தனியாகப் பஸ்ஸில் போக வேண்டியிருந்தது.